ஆப்கானியரையும் ஒகினாவரையும் ஒரே பட்டியலில் வைக்கத் தகுமா?

பதிவு 1 | பழங்கணக்கு

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் வாழும் சமூகங்களைப் பொருளாதார நிலையின்படி வரிசைப்படுத்திய ஒரு பட்டியலை எங்கள் நண்பர் வட்டத்தில் ஒருவர் பகிர்ந்திருந்தார். அதில் ஒகினாவர் வசதியானவர்களின் பக்கத்திலும், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்கள் ஏறத்தாழ அடித்தட்டிலும் இருந்தார்கள். பகிர்ந்தவர் ஒரே வரியில் தீர்ப்பும் எழுதிவிட்டார்: "உழைக்கிற இனம் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளும்."

அந்த வரி எனக்கு உறுத்தலாக இருக்கிறது. ஆனால் அதை மறுக்கும் அளவுக்கு எனக்கு இவ்விரு மக்களைப் பற்றியும் தெரியாது. ஒகினாவா என்பது ஜப்பானின் தென்கோடித் தீவுக்கூட்டம் என்பதும், ஆப்கானிஸ்தான் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் போரில் சிக்கிய நாடு என்பதும் மட்டுமே அறிவேன். விவரம் தெரிந்தவர்கள் இந்த ஒப்பீடு சரியானதுதானா என்று விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பதிவு 2 | அளவுகோல்

பட்டியலில் உள்ள எண்கள் சரியாகவே இருக்கலாம். அந்த எண்கள் யாரைக் குறிக்கின்றன என்பதில்தான் எனக்கு ஐயம்.

"ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்" என்பது பிறந்த நாட்டை வைத்துச் செய்யும் வகைப்பாடு. கேள்விக்கு விடையளிப்பவர் அந்த மண்ணில் பிறந்து, தன் காலால் நடந்தோ விமானம் ஏறியோ அமெரிக்காவுக்கு வந்தவர். "ஒகினாவர்" என்பதோ வம்சாவளி வகைப்பாடு. அதில் இருப்பவர்களுள் பெரும்பாலோர் ஹவாயிலோ கலிபோர்னியாவிலோ பிறந்தவர்கள். அவர்களுடைய பாட்டனாரோ பூட்டனாரோ கப்பலேறியவர். ஆக, ஒரு பக்கம் நேற்று இறங்கியவரையும் மறுபக்கம் நூறாண்டுக்கு முன் இறங்கியவரின் கொள்ளுப்பேரனையும் நிறுத்தி, யார் உயரம் என்று கேட்கிறோம்.

இரண்டாவது சிக்கல் இதைவிட நுணுக்கமானது. அமெரிக்கக் கணக்கெடுப்பில் ஒருவர் தம்மை ஒகினாவர் என்று தாமே குறித்தால்தான் அந்தக் கணக்கில் சேர்வார். ஹவாயில் மட்டும் நாற்பது, ஐம்பதாயிரம் ஒகினாவ வம்சாவளியினர் இருப்பதாக அச்சமூகத்தார் சொல்வதுண்டு. அவர்களுள் பலர் படிவத்தில் "ஜப்பானியர்" என்று மட்டும் குறித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். தன் அடையாளத்தைத் தேடிப்பிடித்து எழுதுபவர் பெரும்பாலும் சங்கத்தில் உறுப்பினராக இருப்பவர், படித்தவர், வசதியாக இருப்பவர் என்று எண்ண இடமுண்டு. அந்தக் கணக்கெடுப்பு ஆண்டுக்குச் சுமார் 35 லட்சம் முகவரிகளுக்குத்தான் அனுப்பப்படுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவு சிறிய குழுக்களுக்குக் கிடைக்கும் மாதிரி மிகச் சிறிது; பிழை எல்லை மிகப் பெரிது.

குடும்ப வருமானம் என்ற அளவும் தனியே எதையும் சொல்லாது. ஆப்கானியக் குடும்பத்தில் தலைகள் அதிகம், அவற்றிலும் குழந்தைகள் அதிகம். ஒகினாவர் அடர்ந்து வாழும் ஹவாயோ வாழ்க்கைச் செலவு மிக அதிகமான அமெரிக்க மாநிலங்களுள் ஒன்று. ஒரே டாலர் இரண்டு இடத்திலும் ஒரே அளவு அரிசி வாங்காது.

பதிவு 3 | பனைநிழல்

அளவுகோல் அவர்களின் எச்சரிக்கையை ஏற்கிறேன். ஆனாலும் புள்ளிவிவரக் குறைகளைச் சொல்லியே பண்பாட்டின் பங்கை ஒதுக்கிவிடுவது நமக்கு வழக்கமாகிவிட்டதோ என்று தோன்றுகிறது. ஒகினாவரிடம் 'மொஅய்' என்றொரு ஏற்பாடு உண்டு. நம் ஊர்ச் சீட்டைப் போன்றதுதான்: சிலர் கூடி மாதந்தோறும் பணம் போட்டு, முறைவைத்து ஒருவர் எடுப்பார். வங்கி கதவைத் திறக்காத காலத்தில் கடை வைக்கவும் நிலம் குத்தகைக்கு எடுக்கவும் அதுதான் முதலீடு. 'யுய்மாரு' என்று, ஒருவர் வயலில் மற்றவர் மாறிமாறி உழைக்கும் மரபும் உண்டு. இத்தகைய கூட்டு நம்பிக்கை உள்ள சமூகம், அது இல்லாத சமூகத்தைவிட விரைவாக மேலேறும் என்று சொல்வதில் என்ன பிழை? எல்லாவற்றையும் காலத்தின் மீதும் அரசின் மீதும் சுமத்தினால், அந்த மக்கள் தாமாகச் செய்தது என்று எதுவுமே மிஞ்சாது.

பதிவு 4 | நீர்வழி

சில ஆண்டுகள் ஒசாகாவில் படித்தவன் என்ற முறையில் ஒகினாவர் பக்கத்தைச் சற்று விரிவாக எழுதுகிறேன். நீளத்துக்குப் பொறுத்தருள்க.

மேலேறக் காரணம் பண்பாடுதான் என்றால், அந்தப் பண்பாடு மிகச் செறிவாக உள்ள இடத்தில் அதன் பலன் மிகுதியாகத் தெரிய வேண்டும். நடப்பது நேர்மாறு. ஜப்பானின் 47 மாவட்டங்களுள் தலா வருமானத்தில் கடைசி இடத்திலோ அதை ஒட்டியோ நீண்டகாலமாக இருப்பது ஒகினாவாதான். 2016-இல் அம்மாவட்டம் வெளியிட்ட ஆய்வில் குழந்தை வறுமை 29.9 விழுக்காடு என்று தெரியவந்தது. அப்போதைய நாட்டளவு விகிதத்தைப் போல அது ஏறத்தாழ இரு மடங்கு. மொஅய் இன்றும் அங்கே உயிரோடுதான் இருக்கிறது. அது இருந்தும் வறுமை போகவில்லை.

ஒசாகாவின் தைஷோ வட்டாரத்தில் ஒகினாவர் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன்பே நூற்பாலைகளிலும் மரக்கிடங்குகளிலும் வேலை தேடி வந்தவர்களின் வழித்தோன்றல்கள். ஒகினாவரை ரியூக்கியூவினர் என்று அழைத்த அந்தக் காலத்தில் வாடகை வீட்டு வாசலில் "கொரியருக்கும் ரியூக்கியூவினருக்கும் இடமில்லை" என்று பலகை தொங்கியதை முதியவர்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். ஹவாய்க்குப் போன ஒகினாவர் வளர்ந்த அளவுக்கு அதே தீவிலிருந்து ஒசாகாவுக்குப் போனவர்கள் வளரவில்லை. புறப்பட்ட மண் ஒன்றே. போய்ச் சேர்ந்த இடம் வேறு.

இனி ஹவாய். ரியூக்கியூ அரசு 1879-இல் ஒழிக்கப்பட்டு ஒகினாவா என்ற மாவட்டமாக ஜப்பானுடன் சேர்க்கப்பட்டது. கிராமப் பொதுநில முறையை ஒழித்துத் தனியுடைமையாக்கும் சீர்திருத்தம் 1899-இல் தொடங்கி 1903 வரை நடந்தது. விற்கவும் அடகு வைக்கவும் முடிகிற ஒரு துண்டு நிலம் கையில் வந்ததால்தான் கப்பல் கட்டணத்துக்கு வழி பிறந்தது. 1899 இறுதியில், ஒகினாவர் குடியேற்றத்துக்கு வழிகாட்டிய தோயாமா கியூஸோவின் முயற்சியால் புறப்பட்ட முதல் குழுவில் 26 பேர் 1900 ஜனவரியில் ஹொனலூலு வந்து, ஏவா கரும்புத் தோட்டத்தில் சேர்ந்தார்கள். அவர்களுக்கு முன்பே வந்திருந்த பிற ஜப்பானியர் அவர்களைத் தங்களில் ஒருவராகக் கருதவில்லை. மொழி புரியவில்லை, பெண்கள் கையில் பச்சை குத்தியிருந்தார்கள், பன்றி வளர்த்தார்கள். "ஒகினாவா... பன்றிக்குத் தீனி" என்று பிள்ளைகள் ராகம் போட்டுக் கேலி செய்வது வழக்கம். அடுத்த தலைமுறையில் ஹொனலூலுவின் உணவகங்களில் கணிசமானவை இதே மக்களின் கைக்கு வந்தன என்பது வேறு கதை.

முதல் உலகப் போருக்குப் பின் சர்க்கரை விலை சரிந்தபோது ஒகினாவாவில் 'சோத்தெட்சு நரகம்' என்று இன்றும் பேசப்படும் பஞ்சம் வந்தது. பனை போலத் தோன்றும் சோத்தெட்சு மரத்தில் நஞ்சு உண்டு. அதை முறையாக ஊறவைத்து நீக்காமல் உண்டால் உயிர் போகும். அதைத் தின்றுதான் பலர் அந்த ஆண்டுகளைக் கடந்தார்கள். கடல் கடந்தவர்கள் அனுப்பிய பணம் அந்நாளில் தீவுக்கு மூச்சாக இருந்தது.

ஹவாயில் அவர்களை உயர்த்தியவை எவை என்று கேட்டால், நான் மொஅயை முதலில் சொல்ல மாட்டேன். 1908 முதல் ஜப்பானியத் தொழிலாளர் வருகை நிறுத்தப்பட்டாலும், ஏற்கெனவே வந்தவரின் மனைவியும் உறவினரும் வரலாம் என்ற வாசல் 1924 வரை திறந்திருந்தது. புகைப்படம் பார்த்து மணம் முடிக்கப்பட்ட பெண்கள் அவ்வழியே வந்தார்கள். குடும்பம் அமைந்தது. வந்தவர்களுக்கு 1952 வரை அமெரிக்கக் குடியுரிமை கிடையாது. ஆனால் அங்கே பிறந்த குழந்தை பிறந்த நொடியிலேயே குடிமகன். அந்தக் குழந்தைகள் பொதுப்பள்ளிக்குப் போனார்கள், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையில் சேர்ந்தார்கள், திரும்பி வந்து படைவீரர் கல்வி உதவியில் பட்டம் பெற்றார்கள். 1946-இல் கரும்புத் தோட்டத் தொழிற்சங்கம் பெரிய வேலைநிறுத்தத்தில் வென்றது. 1959-இல் ஹவாய் மாநிலமாயிற்று, சுற்றுலா பெருகிற்று, ஏற்கெனவே நிலமோ வீடோ வைத்திருந்தவர்களின் சொத்து மதிப்பு தானாக ஏறிற்று. 2014-இல் டேவிட் இகே ஆளுநரானார். அமெரிக்க மாநிலம் ஒன்றின் ஆளுநரான முதல் ஒகினாவ வம்சாவளியினர் அவர். 1900-த்திலிருந்து 2014 வரை எண்ணிப் பாருங்கள்.

பதிவு 5 | ஏரிக்கரை

நான் கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரில் இருபது ஆண்டுகளாக வசிப்பவள். எங்கள் ஊரின் சென்டர்வில் பகுதிக்கு 'சின்னக் காபூல்' என்றே பெயர். நானும் ரொட்டி அங்கேதான் வாங்குவேன். முழ நீளத்தில், சுடச்சுடக் காகிதத்தில் சுற்றித் தருவார்கள். ஆகவே ஆப்கானியர் பக்கத்தை எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

முதலில், 'ஆப்கானியர்' என்று ஒரே கூட்டம் இங்கே இல்லை. 1979 டிசம்பரில் சோவியத் படை நுழைந்த பிறகு வந்தவர்கள் ஒரு தரப்பு. காபூல் நகரத்து அதிகாரிகள், மருத்துவர்கள், பேராசிரியர்கள் அவர்களுள் மிகுதி. பாகிஸ்தான் வழியாகவோ ஜெர்மனி வழியாகவோ வந்து சேர்ந்தார்கள். கற்ற பட்டம் இங்கே செல்லவில்லை. அறுவை மருத்துவராக இருந்தவர் டாக்ஸி ஓட்டினார், நீதிபதியாக இருந்தவர் பழைய பொருள் சந்தையில் கடை விரித்தார். ஆனால் அவர்களுள் எண்பதுகளில் எப்படியோ ஒரு வீடு வாங்கிவிட்டவர்கள் இன்று சிலிக்கான் பள்ளத்தாக்கின் வீட்டு விலையில் அமர்ந்திருக்கிறார்கள். பிள்ளைகள் மருந்தாளுநர், வழக்கறிஞர், பொறியாளர். எனக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் குடும்பம் அத்தகையது. அவர்களையும் ஹவாயின் ஒகினாவரையும் அருகருகே நிறுத்தினால் பெரிய வேறுபாடு தென்படாது. நியூயார்க்கில் தெருவுக்குத் தெரு இருக்கும் பொரித்த கோழிக் கடைகளில் பெரும்பங்கு ஆப்கானியர் நடத்துபவை; எழுபதுகளில் தொடங்கிய கென்னடி ஃபிரைட் சிக்கன் என்ற பெயரே ஓர் ஆப்கானியர் இட்டதுதான். உறவினர் ஒருவர் கடை வைத்து, அடுத்தவரைப் பழக்கி, அவர் தனிக்கடை போடுவது என்று அது பரவியிருக்கிறது. பனைநிழல் ஐயா சொல்லும் கூட்டு நம்பிக்கை இதுவன்றி வேறு எது?

அடுத்த தரப்பு, அமெரிக்கப் படையுடன் மொழிபெயர்ப்பாளராகவும் ஓட்டுநராகவும் வேலை செய்தவர்கள். 2009-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி சிறப்புக் குடியேற்ற விசாவில் குடும்பத்துடன் வந்தார்கள். இவர்களுள் பலர் சாக்ரமெண்டோவிலும் வடக்கு வர்ஜீனியாவிலும் குடியமர்ந்தார்கள். ஆங்கிலம் பேசுவார்கள், நிரந்தர வசிப்புரிமையும் உண்டு. இருந்தும் பொறியியல் படித்தவர் கிடங்கில் பெட்டி அடுக்குவதைக் கண்டிருக்கிறேன்.

மூன்றாவது தரப்பு 2021 ஆகஸ்டில் வந்தது. காபூல் விமான நிலையத்திலிருந்து அள்ளிக்கொண்டு வரப்பட்டவர்களுள் சுமார் 76,000 பேர் அமெரிக்கா வந்து, முதலில் படைத்தளங்களில் தங்கவைக்கப்பட்டார்கள். பையில் இரண்டு சட்டையும் கைப்பேசியும்தான். அவர்களுள் பெரும்பாலோருக்குக் கிடைத்தது குடியுரிமைக்கு இட்டுச்செல்லும் விசா அன்று; இரண்டாண்டுக்கான தற்காலிக நுழைவு அனுமதி. குடியமர்த்தும் அமைப்பு மூன்று மாதம் உடனிருந்தது. ஒரு நபருக்கு நேரடி உதவியாக ஒதுக்கப்பட்டது குறைந்தது 1,225 டாலர். எங்கள் வட்டாரத்தில் அது ஒரு மாத வாடகைக்கே போதாது. மூன்று மாதத்துக்குள் எந்த வேலை கிடைத்தாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே முறையாக இருந்தது. கால அவகாசம் இருந்தால் தன் தொழிலுக்கு உரிய தேர்வை எழுதியிருப்பார்; அவகாசம் இல்லாததால் பாதுகாவலர் வேலைக்குப் போகிறார். அந்த வேலையிலேயே பத்தாண்டு ஓடிவிடுகிறது.

பட்டியலில் கீழே தெரியும் ஆப்கானியர் பெரும்பாலும் பின்னிரு தரப்பினர். 2010-இல் இருந்ததைவிட ஆப்கானிஸ்தானில் பிறந்தவர்களின் தொகை மூன்று மடங்குக்கு மேல் பெருகியிருக்கிறது. புதிதாக வந்தவர்கள் மிகுதியாகும்போது சராசரி இறங்கத்தான் செய்யும். அதை ஒரு சமூகத்தின் சரிவு என்று படிப்பது, புதுப்பிள்ளைகள் சேர்ந்த ஆண்டில் பள்ளியின் சராசரி உயரம் குறைந்துவிட்டது என்று வருந்துவதைப் போன்றது.

பதிவு 6 | பனைநிழல்

ஏரிக்கரை அம்மையாருக்கு நன்றி. கோழிக்கடை விவரம் என் வாதத்தின் ஒரு காலை முறித்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மறுகாலைப் பற்றியும் கேட்டுவிடுகிறேன். ஆப்கானியக் குடும்பங்களில் பெண்கள் வேலைக்குச் செல்வது மிகக் குறைவு. எட்டுப்பேர் கொண்ட வீட்டில் ஒருவர் மட்டுமே சம்பாதித்தால் வறுமைக்கோடு தலைக்கு மேலே போய்விடும். இது பண்பாடு அல்லவா? நீர்வழி சொன்ன அந்தப் புகைப்பட மணப்பெண்கள் மறுநாளே கரும்புக் காட்டில் இறங்கினார்களே?

பதிவு 7 | நீர்வழி

இறங்கினார்கள். முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். ஆணுக்குக் கொடுத்ததைவிடக் குறைந்த கூலியே பெற்றார்கள். அது போதாமல், மணமாகாத ஆண்களின் துணியைத் துவைத்தும் சமைத்துப் போட்டும் சம்பாதித்தார்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த வேலைக்கு மொழி வேண்டியதில்லை, பேருந்து வேண்டியதில்லை, உரிமம் வேண்டியதில்லை. வீட்டு வாசலில் வயல். இன்று சாக்ரமெண்டோவின் ஓர் அடுக்ககத்தில் இருக்கும் பெண் வேலைக்குப் போக வேண்டுமானால் ஓட்டுநர் உரிமம், ஆங்கிலம், குழந்தைக் காப்பகத்துக்குக் கட்டணம் ஆகிய மூன்றும் வேண்டும். நான்கு குழந்தைகளுக்குக் காப்பகக் கட்டணம் கட்டினால் அவர் வாங்கும் சம்பளம் முழுவதும் அதற்கே போய்விடும்.

பதிவு 8 | ஏரிக்கரை

பனைநிழல் ஐயாவின் கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. வீட்டுப் பெண் வெளியே வேலை செய்வதை இழுக்காகக் கருதும் குடும்பங்களை நானே அறிவேன். ஆனால் தாலிபான் முதன்முறை ஆண்ட 1996 முதல் 2001 வரையான காலத்தில் பள்ளிப் பருவத்தில் இருந்த பெண்களுக்கு இன்று வயது முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருக்கும். எழுதப் படிக்கவே விடப்படாதவர்கள் அவர்கள். நான் வார இறுதியில் தன்னார்வலராக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வகுப்பில், பேனாவை முதன்முறையாகப் பிடித்த ஒரு தாயும், காபூலில் வங்கி அதிகாரியாக இருந்த இன்னொரு தாயும் ஒரே மேசையில் அமர்கிறார்கள். இருவரும் கணக்கெடுப்பில் "வேலையில் இல்லாதவர்" என்ற ஒரே கட்டத்துக்குள் அடைபடுகிறார்கள். எண்பதுகளில் வந்த குடும்பங்களின் மகள்களோ பெரும்பாலும் வேலைக்குப் போகிறார்கள். பண்பாடு என்பது ஒரு தலைமுறைக்குள் இவ்வளவு மாறுமானால், அதை மூலகாரணம் என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் உண்டு.

பதிவு 9 | தென்கடல்

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். தொழில் நிமித்தம் பிரேசிலின் சாவோ பாவ்லோவில் நான்காண்டுகள் இருந்தவன். இவ்விரு மக்களையும் ஒரே ஊரில் பார்க்க வேண்டுமானால் அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

1908 ஜூன் 18 அன்று கசாத்தோ மாரு என்ற கப்பல் 781 ஜப்பானியருடன் சாந்தோஸ் துறைமுகத்தில் நின்றது. அவர்களுள் ஒகினாவரின் தொகையே மிகப் பெரிது. காப்பித் தோட்டத்தில் சில ஆண்டு உழைத்துவிட்டுச் செல்வத்துடன் திரும்பலாம் என்று சொல்லி அழைத்து வந்திருந்தார்கள். வந்த ஆண்டில் விளைச்சல் மோசம். கூலி கடைக்கடனுக்கே சரியாயிற்று. சில மாதங்களிலேயே பலர் இரவோடு இரவாகத் தோட்டத்தை விட்டு ஓடினார்கள். சாந்தோஸில் மூட்டை தூக்கினார்கள், உள்நாட்டில் இரயில் பாதை போட்டார்கள். அந்தப் பாதையோடு போனவர்கள் காம்போ கிராண்டி நகரில் தங்கிக் காய்கறி பயிரிட்டார்கள். இன்று அந்நகரின் மையச் சந்தையில் ஒகினாவ 'சோபா' நூடுல்ஸ்தான் ஊருக்கே அடையாளமான உணவு. ஆனால் அப்போது, ஓடிப்போகிறவர்கள் என்று பெயர் வாங்கியதால், ஒகினாவர் பிரேசிலுக்குப் போவதையே ஜப்பான் அரசு சில காலம் தடுத்து வைத்திருந்தது. உங்கள் நண்பர் 1910-இல் பட்டியல் போட்டிருந்தால், "எங்கே போனாலும் உருப்படாத இனம்" என்றே எழுதியிருப்பார்.

இப்போது மறுபக்கம். 2021 செப்டம்பரில் பிரேசில் ஆப்கானியருக்கு மனிதாபிமான விசா வழங்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு நான் குவாருல்யோஸ் விமான நிலையத்தின் வழியே போகும்போதெல்லாம், முனையத்தின் ஒரு மூலையில் போர்வையைத் திரையாகக் கட்டிக் குடும்பம் குடும்பமாகப் படுத்திருப்பார்கள். விசா கொடுத்த நாடு தங்க இடம் கொடுக்கவில்லை. அவர்களுள் பலர் அங்கே தங்காமல் பனாமா எல்லையிலுள்ள டேரியன் காட்டைக் கடந்து அமெரிக்க எல்லைக்குப் போனார்கள். 1908-இல் தோட்டத்தை விட்டு ஓடியவர்களும் இவர்களும் செய்தது ஒன்றுதான்: கொடுத்த வாக்குக்கும் கிடைத்த வாழ்வுக்கும் பொருந்தாத இடத்தில் நிற்காமல் நகர்ந்தார்கள். அதே நகரத்தின் கிழக்கே விலா கரோன் பகுதியில் ஒகினாவக் கொள்ளுப்பேரர்கள் சங்கக் கட்டடத்தில் முரசு பழகுகிறார்கள்.

பொலிவியாவும் இக்கதையில் உண்டு. 1945 போரில் ஒகினாவாவின் குடிமக்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் மாண்டார்கள். எஞ்சியவர்களின் நிலத்தில் கணிசமான பகுதி அமெரிக்கத் தளங்களுக்குப் போயிற்று. நிலமிழந்தவர்களை அனுப்ப ஓர் இடம் தேவைப்பட்டது. தீவை ஆண்ட அமெரிக்க நிர்வாகத்தின் ஆதரவோடு 1954-இல் சாந்தா குரூஸ் மாகாணக் காட்டில் ஒகினாவக் குடியேற்றம் தொடங்கியது. குடும்பத்துக்கு 50 ஹெக்டேர், அதாவது நம் கணக்கில் 120 ஏக்கருக்கு மேல். முதல் இடத்தில் இனந்தெரியாத காய்ச்சல் வந்து 15 பேர் இறந்தார்கள். இரண்டு முறை இடம் மாறிய பிறகே இப்போதுள்ள ஊர் அமைந்தது. நெல், பிறகு பருத்தி, பிறகு சோயாவும் கோதுமையும். வெள்ளமும் வறட்சியும் விலைச்சரிவும் மாறிமாறி வந்தன. வந்த குடும்பங்களில் பெரும்பாலானவை பிரேசிலுக்கோ அர்ஜென்டினாவுக்கோ ஜப்பானுக்கோ போய்விட்டன. போனவர்களின் நிலத்தையும் சேர்த்து வாங்கியவர்கள் இன்று பெருவிவசாயிகள். அவர்கள் வயலில் கூலிக்கு நிற்பவர்கள் பொலிவியர்கள். இப்போது அந்த ஊருக்குப் போய்க் கணக்கெடுத்தால் ஒகினாவர் மிகச் செழிப்பானவர்கள் என்றே வரும். தோற்று வெளியேறியவர் கணக்கெடுக்கும் நாளில் ஊரில் இருப்பதில்லையே.

பதிவு 10 | அளவுகோல்

தென்கடலின் கடைசி வரியை என் மாணவர்களுக்கு எடுத்துச் சொல்லப்போகிறேன்.

வெளியேறியவர்களைப் பற்றி ஒரு துணைக்குறிப்பு. 1990-இல் ஜப்பான் தன் குடிவரவுச் சட்டத்தைத் திருத்தி, ஜப்பானிய வம்சாவளியினர் வந்து வேலை செய்ய வழிவிட்டது. தென்னமெரிக்காவிலிருந்து போன ஒகினாவ வம்சாவளியினர் பலர் யோகோஹாமாவின் த்சுருமி பகுதியில் குடியேறினார்கள். தொழிற்சாலைகளில் ஒப்பந்த வேலை. 2008-இன் பொருளாதார நெருக்கடியில் முதலில் வேலை இழந்தவர்கள் அவர்களே. மறு ஆண்டு, திரும்பிப் போகச் சம்மதிக்கும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் 3 லட்சம் யென் தருவதாக ஜப்பான் அரசு அறிவித்தது. ஹொனலூலுவில் உணவக முதலாளி, சாந்தா குரூஸில் நிலக்கிழார், த்சுருமியில் ஒப்பந்தத் தொழிலாளி. மூவரும் ஒகினாவர். மூவரின் சராசரியை எடுத்தால் அது யாருடைய வாழ்க்கையும் ஆகாது.

பதிவு 11 | பழைய சென்னை

நான் வயதானவன்; பொருளுக்குச் சற்று வெளியே போனால் மன்னிக்கவும். ஆப்கானியர் என்றாலே ஏழை அகதி என்று இன்றைய பிள்ளைகள் எண்ணுவது எனக்கு வியப்பு. எங்கள் தலைமுறைக்கு அவர்கள் 'ஈட்டிக்காரர்'. தவணைக்குத் துணி விற்று, வட்டிக்குக் கடன் கொடுத்து, தவணை தவறினால் வாசலிலேயே வந்து உட்கார்ந்துவிடும் பட்டாணியர். அவர் நிழல் தெருமுனையில் தெரிந்தால் கடன்பட்டவர் கொல்லைப்புறம் வழியாக ஓடுவார் என்று என் தகப்பனார் சொல்லுவார். பெயர் ஒன்றுதான்; அவர்கள் கடன் கொடுத்த காலமும் உண்டு.

பதிவு 12 | நீர்வழி

ஐயா பொருளுக்கு வெளியே போகவில்லை. ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்தில் செங்கல் கிடங்குகள் நிறைந்த ஸ்பைகர்ஷ்டாட் பகுதியில் கம்பள வணிகம் செய்தவர்களில் ஆப்கானியர் முக்கியமானவர்கள். 2015-இல் படகிலும் நடையிலும் வந்த இளைஞர்கள் அதே நகரத்தில்தான் இறங்கினார்கள். இருதரப்பும் ஒரே புள்ளிவிவரக் கட்டத்தில் இருக்கிறார்கள்.

சட்ட நிலையைப் பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். நான் முன்பு சொன்ன ஹவாய் ஒகினாவர் அமெரிக்கக் குடியுரிமை அற்றவர்கள்தாம். ஆனால் இருக்கும் இடத்திலிருந்து துரத்தப்படுவோம் என்ற அச்சம் அன்றாடம் இல்லாமல் முப்பது, நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தார்கள். பெருவில் அப்படியில்லை. அங்கே ஜப்பானிய வம்சாவளியினருள் ஒகினாவரே பெரும்பான்மை. 1940-இல் லிமாவில் அவர்களின் கடைகள் சூறையாடப்பட்டன. பிறகு போர்க்காலத்தில் பெருவிலிருந்து சுமார் 1,800 ஜப்பானிய வம்சாவளியினர் அமெரிக்க முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். சேர்த்ததெல்லாம் போயிற்று.

பதிவு 13 | ஏரிக்கரை

அந்த அச்சம்தான் இப்போது என் ஆங்கில வகுப்பில் அமர்ந்திருக்கிறது. 2021-இல் வந்தவர்களுக்கு நிரந்தர உரிமை தரும் சட்ட வரைவு அமெரிக்க நாடாளுமன்றத்தில் நிறைவேறவே இல்லை. 2022-இல் அறிவிக்கப்பட்ட தற்காலிகப் பாதுகாப்பு 2025 ஜூலையில் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. நாளை இருப்போமா என்று தெரியாதவர் ஈராண்டுப் படிப்பில் சேர மாட்டார், கடை குத்தகைக்கு எடுக்க மாட்டார். கையில் வரும் கூலி வேலையே போதும் என்று இருந்துவிடுவார். இது கணக்கறிந்த முடிவு, சோம்பல் அன்று.

சீட்டைப் பற்றிப் பனைநிழல் ஐயா எழுதியிருந்தார். பாகிஸ்தானின் பெஷாவரில் ஆண்டுக்கணக்காக இருந்துவிட்டு வந்தவர்கள் 'கமிட்டி' என்ற பெயரில் அதைப் போடுகிறார்கள். எங்கள் வகுப்புப் பெண்களே பத்துப்பேர் சேர்ந்து நடத்துகிறார்கள். வட்டியில்லாக் கைமாற்று உறவினர்களுக்குள் தாராளம். ஆனால் அந்தப் பணத்தில் பாதி காபூலுக்கோ ஹெராத்துக்கோ போய்விடுகிறது. 2021-க்குப் பிறகு அங்கே வங்கி முடங்கிச் சம்பளம் நின்றபோது, இங்கே கிடங்கில் பெட்டி அடுக்குபவரின் கூலியில் மூன்று குடும்பங்கள் உண்டன. வட்டி கூடாது என்பதால் வீட்டுக்கடன் எடுக்கத் தயங்குபவர்களும் உண்டு. சேமிக்கும் பழக்கம் இருக்கிறது. சொத்தாக மாறும் வழிதான் அடைபட்டிருக்கிறது.

பதிவு 14 | பனைநிழல்

ஒகினாவரும் அனுப்பினார்களே. போர் முடிந்தபின் தீவில் பன்றிகளே இல்லை என்று கேள்விப்பட்டு, ஹவாய் ஒகினாவர் பணம் திரட்டி 1948-இல் 550 பன்றிகளைக் கப்பலில் அனுப்பிய செய்தியை இன்று படித்தேன். ஏழு பேர் உடன் போய்ப் புயலில் அவற்றைக் காத்துக்கொண்டு சேர்த்தார்களாம். முன்பு நான் எழுதியதில் ஒரு திருத்தம்: கூட்டு நம்பிக்கை ஒகினாவரிடம் இருந்தது என்பதில் மாற்றமில்லை, ஆப்கானியரிடம் இல்லை என்று நான் கொண்ட எண்ணத்துக்கு ஆதாரமில்லை.

பதிவு 15 | பழங்கணக்கு

இவ்வளவும் தொகுத்து நண்பருக்கு அனுப்பினேன். அவர் எளிதில் விடுபவர் அல்லர். "அப்படியானால் ஹவாய்க்கு வந்து நான்காண்டு ஆன ஒகினாவரையும், சாக்ரமெண்டோவுக்கு வந்து நான்காண்டு ஆன ஆப்கானியரையும் ஒப்பிட்டுக் காட்டுங்கள், அப்போது ஏற்கிறேன்" என்கிறார். நியாயமான கோரிக்கை என்றே எனக்குப் படுகிறது. 1904-ஆம் ஆண்டின் ஒகினாவத் தொழிலாளரின் கூலிக்கணக்கு எங்காவது கிடைக்குமா?

பதிவு 16 | நீர்வழி

ஹவாய்க் கரும்புத் தோட்டங்களின் பழைய ஆவணங்கள் பெருமளவில் மனோவாவிலுள்ள ஹவாய்ப் பல்கலைக்கழக நூலகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. கூலிப் புத்தகங்களும் அவற்றில் உண்டு. ஆனால் நண்பர் எதிர்பார்க்கும் வரி அதில் கிடைப்பது அரிது. தோட்டத்தில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் 'பாங்கோ' என்று எண் பொறித்த உலோக வில்லை ஒன்று கொடுப்பார்கள். கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். கூலி வாங்குவது, கடையில் கடன் எழுதுவது எல்லாம் அந்த எண்ணின் பேரில்தான். இன்ன எண், இத்தனை நாள், இவ்வளவு பிடித்தம் என்று இருக்கும். நாட்டைக் குறித்திருந்தால், அங்கே "ஜப்பானியர்" என்று இருக்கும்.